ஒரிஜினலை மறக்காமல் எடுத்துச் செல்லவும்

ஜூன் 9

மாண்புமிகு அக்கா அவர்களின் சமூகத்துக்கு,

இங்கே நான் நலம். அம்மாவின் முழங்கால் நேற்றைவிட நலம். அங்கே நீ நலமாக இல்லையென்றால் உடனே தெரிவிக்கவும், வருத்தப்பட்டுக் கொள்கிறேன்.

நாட்டு மக்கள் கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க வேண்டிய அறிவிப்பு ஒன்று உண்டு. இன்று மாலை நாலு பத்துக்கு, நம் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் முன்னால், மவுஸ் சாட்சியாக, நெட்டில் பாட்டு ஓடவிடும் அந்தப் பெரிய கம்பெனியிலிருந்து நான் விலகிவிட்டேன். இனி அதற்கு என்னிடம் மவுசு கிடையாது. அதற்குத் திமிங்கலம் என்று பெயரும் வைத்துவிட்டேன். கடலையே விழுங்கிவிட்டு, பாடியவர்களுக்கு ஒரு டீக்குக்கூடக் காணாத சொட்டைத் துப்புகிறது என்று போன விடுமுறையில் நீ சொன்னாய் அல்லவா, அதன் மரியாதையாக.

விலகிய கையோடு, நம் சுற்றுவட்டாரத்துப் பாட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் உங்கள் சங்கத்தில் சேர்ந்தாயிற்று. விதிமுறையையும் படித்தேன். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் கொஞ்சம் கட்ட வேண்டும், பத்தாவது தடவை கேட்டால் பாட்டு நமக்கே சொந்தம். நியாயமான வியாபாரம். முதல் வேலையாக உன் 'இருபுறமும்' பாட்டைக் கேட்டேன். நம் ஜெராக்ஸ் மெஷினைத் தாளம் போட வைத்த முதல் ஆள் நீதான்.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று கேட்பாய். என் போன் பரீட்சை முடியும்வரை அப்பாவின் பீரோவில் சிறைவாசம். குற்றம்: 'நாளை முதல் கணக்குப் பாடம் ரத்து, கணக்கு சரியாக வராததால்' என்று தலைமையாசிரியர் பெயரில் சுற்றறிக்கை தயாரித்தது. ஒட்டியதற்காகக்கூட அப்பா கோபப்படவில்லை. நம் கடை லேமினேஷன் ஷீட்டை வீணாக்கினேனாம்.

இப்படிக்கு,
உன் ஒரே தம்பி (வேறு ஸ்டாக் இல்லை)


ஜூலை 2

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. லென்ஸ் தேய்க்கிற தூசி மட்டும் சாயங்காலம் வரை கண்ணில் உறுத்துகிறது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவளுக்குக் கண்வலி என்று சொன்னால் முதலாளி சிரிக்கிறார்.

மாசக் கடைசியில் சங்கத்திலிருந்து ஒரு குறிப்பு வரும். எந்தப் பாட்டை, எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்குக் கேட்டார்கள் என்று இருக்கும். ஆள் பெயர் இருக்காது. ஒரு வருஷமாக என் குறிப்பு வெள்ளைத் தாளாகத்தான் வந்தது. இந்த முறை நம் ஊரிலிருந்து பதினாலு தடவை.

நீ இத்தனை தடவை கேட்பாய் என்று நினைக்கவில்லை. என் நல்ல ஹெட்போனைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். முதல் ரசிகருக்குக் கொடுப்பேன் என்று எப்போதோ சொல்லியிருந்தேன். அந்தக் கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரில் கேட்டால் என் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வரும்.

அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மற்றதெல்லாம் தெரிந்துகொள்கிறேன். மெஷின் எப்படி இருக்கிறது?

அக்கா


ஜூலை 8

ஹெட்போன் வள்ளலுக்கு,

பார்சல் வந்தது, சுகம் வந்தது. மாட்டிக்கொண்டால் அம்மா கூப்பிடுவது கேட்பதில்லை. இதைவிட ஒரு கருவியிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

மெஷின் நலமாகத்தான் இருக்கிறது. காலையில் சூடேற நேரமாகிறது. அதிகம் சத்தம் போடுவதில்லை. கொடுத்த பேப்பரை வாங்கிக்கொண்டு வேலையைப் பார்க்கிறது.

உன் புகழ் என்னால் பரவிக்கொண்டிருப்பதையும் சொல்லியாக வேண்டும். இதுவரை இருபத்துமூன்று பேரைத் திமிங்கலத்தின் வயிற்றிலிருந்து வெளியே இழுத்திருக்கிறேன். வகுப்பில் பாதி. முடிவெட்டுகிறவர். எதிர்க் கடை மருந்துக்காரர்கூட. "உள்ளூர்ப் பாட்டுக்காரங்களுக்கு நேரா காசு போகுதுன்னா நல்லதுதானே தம்பி" என்று கண்கலங்கினார். அவருக்கு ஜலதோஷமும் இருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

கொள்கை பரப்புச் செயலாளர்,
உன் தம்பி


ஜூலை 31

தம்பிக்கு,

நலம்தானே? இங்கே ஒரு வாரம் சளி, இப்போது இல்லை.

இந்த மாசக் குறிப்பு வந்தது. நம் ஊரிலிருந்து முப்பத்தொன்று. ஒரு சந்தேகம். எல்லாமே ஒரே ஒரு கணக்கிலிருந்து வந்திருக்கிறது. உன் இருபத்துமூன்று பேரும் வரிசையில் நின்று ஒரே கணக்கில் கேட்கிறார்களா?

இன்னொன்று. எல்லாமே மத்தியானம் ஒன்று நாற்பதை ஒட்டித்தான். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இல்லை. நீ அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும்.

அந்த நேரத்தில் கடையில் மெஷினை ஆறவிட்டிருப்பார்கள். ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். மெஷின் எப்படி இருக்கிறது?

அக்கா


ஆகஸ்ட் 5

துப்பறியும் அக்காவுக்கு,

சளி போனதில் மகிழ்ச்சி, சந்தேகம் வந்ததில் வருத்தம்.

இருபத்துமூன்று பேரின் பதிவு நடந்துகொண்டிருக்கிறது. பெரிய காரியங்களுக்கு நாளாகும். மத்தியானக் கணக்குக்கு விடை சுலபம். சாப்பாட்டு மணி அடித்ததும் நான் ஓடி வந்து, பாதி ஷட்டருக்குள் குனிந்து நுழைந்து, ஹெட்போனை மாட்டி, உன் பாட்டை ஒரு தடவை கேட்டுவிட்டு, திரும்ப ஓடுகிறேன். கலைக்காக உடம்பு இளைக்கிறது. அம்மாவிடம் கேட்காதே, அவர் கண்ணுக்கு நான் எப்போதும் இளைத்தவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. ரசிகனும் மனுஷன்தானே.

மெஷின் நலம். போன வாரம் ரோலர் மாற்றினார்கள்.

முதல் ரசிகன்


ஆகஸ்ட் 31

தம்பிக்கு,

நலம் விசாரிப்பு எல்லாம் அம்மாவிடம் ஆயிற்று. உன்னிடம் வேறு சொல்ல வேண்டும்.

ஒரு கம்பெனி என் எட்டுப் பாட்டையும் மொத்தமாகக் கேட்கிறது. போனில் 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று சொல்லிவிட்டு ஓடவிடுவார்களே, அந்த மாதிரி இசை விற்கிறவர்கள். குரலை எடுத்துவிடுவார்கள். என் பெயர் எங்கேயும் வராது. சங்கத்திலிருந்து எல்லாப் பாட்டையும் எடுத்துவிட வேண்டும், ஒரிஜினல் பதிவுகளையும் கொடுத்துவிட வேண்டும், நான் ஒரு பிரதிகூட வைத்துக்கொள்ளக் கூடாது. செப்டம்பர் 27க்குள் கையெழுத்து.

வேண்டாம் என்றுதான் இருந்தேன். இந்த மாசக் குறிப்பைப் பார்த்த பிறகு அவ்வளவு உறுதியாக இல்லை.

எட்டுப் பாட்டு. எட்டும் நம் ஊரில் ஒன்பது தடவை ஓடியிருக்கின்றன. பத்தாவது தடவை ஒன்றுகூட இல்லை. இருபதாம் தேதியோடு எல்லாம் நின்றுவிட்டது. ஒரு பாட்டில் அப்படி என்றால் மறதி. எட்டிலும் ஒன்பதில் நிறுத்தினால், கேட்டவர் யோசித்துத்தான் நிறுத்தியிருக்கிறார். சொந்தமாக வைத்துக்கொள்கிற அளவுக்கு இல்லை என்று முடிவு செய்திருக்கிறார்.

நான் வீட்டைவிட்டு வந்த அன்று கடையில் அப்பா சொன்னது உனக்கு நினைவிருக்கும். நீ ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டு நின்றாய். "மெஷின் இரைச்சலைப் பிடிச்சு வெச்சிருக்கே. இதை யாராவது காசு குடுத்துச் சொந்தமா வாங்குவாங்களா?" ஒருநாள் பதில் சொல்லலாம் என்றிருந்தேன். பதில் வந்துவிட்டது, அவர் பக்கத்துக்குச் சாதகமாக.

உன் மேல் கோபமில்லை. உண்மையை மட்டும் எழுது.

அக்கா


செப்டம்பர் 6

அக்காவுக்கு,

நலம். நலமே விழைகிறேன். கையெழுத்து மட்டும் போட்டுவிடாதே.

பரீட்சை வந்ததால் பத்தாவதுகளைத் தள்ளி வைத்திருந்தேன், அவ்வளவுதான். படிக்கிற பிள்ளையை இப்படியா சந்தேகப்படுவது? ஒரே வாரத்தில் எட்டுப் பாட்டுக்கும் பத்தாவது வந்து சேரும். என் தலையில் அடித்துச் சத்தியம். ஹெட்போன் மேல் அடித்தால் உடைந்துவிடும்.

தம்பி


செப்டம்பர் 17

தம்பிக்கு,

நலம்.

சங்கத்தில் கேட்டுப் பார்த்தேன். பத்தாவது எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் பாசத்துக்காகக் கேட்டதாகத்தான் இருந்திருக்கும். அது எனக்கு வேண்டாம்.

27ஆம் தேதி காலையில் கையெழுத்து.

அக்கா


செப்டம்பர் 22
(விரைவுத் தபால்)

அக்காவுக்கு,

வீட்டில் எல்லாரும் நலம். இந்தக் கடிதம் எழுதுகிறவனைத் தவிர.

ஒன்பது தடவை கேட்டது நான் இல்லை.

சங்கத்தில் கணக்குத் தொடங்க வங்கிக் கார்டு வேண்டியிருந்தது. பரீட்சைக் கட்டணம் என்று சொல்லி அப்பாவின் போனிலேயே தொடங்கினேன். உன் பாட்டைப் பாதி ஓடவிட்டு, வேலை செய்கிறதா என்று பார்த்தேன். அதோடு சரி. பாதி கேட்டால் குறிப்பில் ஏறாது போலிருக்கிறது. பிறகு நீ பதினாலு, முப்பத்தொன்று என்று எழுத எழுத எனக்கே ஒன்றும் புரியவில்லை. யாரோ கேட்கிறார்கள், பெயர் என் பக்கம் வந்தால் வரட்டும் என்று வாங்கிக்கொண்டேன். ஹெட்போனும் வந்துவிட்டதே. திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

ஆகஸ்ட் 12, பள்ளிக்கூடம் அரை நாள். கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி. மெஷின் ஆஃப். அப்பா பேப்பர் பண்டல் மேல் உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருந்தார். யாருடனோ பேசுகிறார் என்று நினைத்து வெளியிலேயே நின்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இடையில் இரண்டு தடவை "ம்" என்றார். அந்தப் பக்கம் உன் குரல் கேட்டது. பாட்டைப் போனில் வெளியே சத்தமாக ஓடவிடலாம் என்று அவருக்குத் தெரியாது. போன் வந்தால் கேட்கிற மாதிரிதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் காதிலிருந்து எடுத்தார். ரொம்ப நேரம் ஸ்டேப்ளரைத் தேடினார். அது கையிலேயே இருந்தது.

"அந்த மெஷின் பாட்டு, ரோலர் மாத்துறதுக்கு முன்னாடி பிடிச்சது. மூணாவது தாளுக்கு ஒருதரம் கிறீச்சுங்கும், கேட்டியா? நானே இத்தனை நாள் கவனிக்கல" என்றார். பிறகு, "அவகிட்ட சொல்லிட்டிருக்காதே" என்றார்.

அப்பா சொன்ன ஒரே ஒரு பேச்சை நான் தட்டாமல் கேட்டேன், அதுவும் இப்படி ஆயிற்று.

நீ 27 என்று எழுதியதைப் படித்துவிட்டு நேற்று அவரிடமே போனேன். "ஏம்ப்பா எல்லாத்தையும் ஒன்பதோட நிறுத்திட்டீங்க? பிடிக்கலையா?" என்று கேட்டேன். போனைத் திறந்து காட்டினார். 'இன்னும் ஒருமுறை கேட்டால் இந்தப் பாடல் உங்களுக்குச் சொந்தம்' என்று எட்டுப் பாட்டுக்கும் கீழே எழுதியிருந்தது.

"எனக்குச் சொந்தமாயிட்டா அவளுக்கு என்னடா இருக்கும்? ஒரிஜினல் அவகிட்டயே இருக்கட்டும்" என்றார்.

அக்கா, நம் கடை போர்டு உனக்குத் தெரியும். 'ஒரிஜினலை மறக்காமல் எடுத்துச் செல்லவும்.' யாராவது மறந்துவிட்டுப் போனால் கடையைத் திறந்து போட்டுவிட்டு அப்பா பின்னாலேயே ஓடுவார். ஒருதடவை ஒருத்தருடைய பத்திரத்தோடு பஸ்ஸில் ஏறி இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கினாரே. அந்த மனுஷன்தான் பத்தாவது தடவை கேட்டால் உன் ஒரிஜினல் தன் கைக்கு வந்துவிடும் என்று நினைத்து, எட்டுப் பாட்டையும் ஒன்பதோடு நிறுத்தி வைத்திருக்கிறார். ஆகஸ்ட் இருபதாம் தேதிக்குப் பிறகும் ஒன்று நாற்பதுக்குப் போனை எடுக்கிறார். உன் பாட்டு வரிசையைப் பார்க்கிறார், சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்.

அப்படி இல்லை, நமக்கு வருவது நகல்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்லை என்று தோன்றியது. மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் இரண்டாவது தடவை.

இருபத்துமூன்று பேரும் பொய். மருந்துக்காரருக்கு ஜலதோஷம் மட்டும் நிஜம். உனக்கு ஒரே ஒரு ரசிகர், அவரும் இரகசியமாக. அவருக்காகக் கையெழுத்துப் போடாமல் இரு என்று சொல்லவில்லை. ஒன்பதில் நிறுத்தியதற்குக் காரணம் நீ எழுதியது இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

தம்பி


அக்டோபர் 3

தம்பிக்கு,

உன் கடிதம் 26ஆம் தேதி சாயங்காலம் கிடைத்தது. மறுநாள் அந்தக் கம்பெனிக்குப் போய் ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எதற்கும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வேண்டாம் என்றேன்.

என் ரசிகர் ஒருவர்தான் என்பது தெரிந்த விஷயம்தான். ஆள்தான் வேறு.

இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசும்போது போனை அந்தப் பக்கம் கொடுக்கச் சொல்கிறேன். பத்தாவது விஷயத்தை நானே சொல்லிக்கொள்கிறேன். நீ முந்திக்கொண்டு அவரிடம் எதையும் உளறிவைக்காதே.

அப்பா எப்படி இருக்கிறார்?

அக்கா


அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா நலம். நான்கு மாதம் மெஷினைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாயே என்பதால் இன்னொரு தடவை எழுதுகிறேன், அப்பா நலம். இருமல் இல்லை. மூக்குக்கண்ணாடியை மட்டும் மாற்ற வேண்டுமாம். அதற்கு எந்த ஊர்க் கடைக்குப் போவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதை நான் ஒட்டுக்கேட்டேன், மறைப்பதற்கில்லை. இரண்டு நிமிஷம் நாற்பது செகண்டு. அவர் பக்கத்தில் பெரும்பாலும் "ம்"தான். நடுவில் "அப்ப ஒரிஜினல் உங்கிட்டதான் இருக்கும்?" என்று ஒருதடவை. வைப்பதற்கு முன்னால் "சரி, தூசி படாம பாத்துக்க" என்றார். உன் கண்ணைச் சொன்னாரா பாட்டைச் சொன்னாரா என்று கேட்டேன். "போய்ப் படி" என்றார்.

திங்கட்கிழமை ஒன்று நாற்பதுக்கு 'இருபுறமும்' பத்தாவது தடவை ஓடியது. முதல் பாடவேளையிலேயே வயிற்றுவலி என்று சொல்லி வந்துவிட்டேன், நேரில் பார்க்க வேண்டும் அல்லவா. முடிந்ததும் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது கணக்கில் குறைகிறதா என்று பார்த்தார் போலிருக்கிறது. பிறகு இன்னொரு தடவை ஓடவிட்டு, மூன்றாவது தாளின் கிறீச்சுக்கு விரல் தூக்கினார்.

"காப்பி சுத்தமா வந்திருக்கு" என்றார்.

இருபத்தைந்து வருஷமாக ஜெராக்ஸ் போடுகிறவர். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வந்து நான் கேட்டதில்லை. மீதி ஏழையும் நாளைக்கு ஒன்று வீதம் வைத்திருக்கிறார்.

இத்தோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் ஜூன் ஒன்பதாம் தேதி அறிவிப்பில் ஒரு சிறு திருத்தம் இருக்கிறது.

அன்று நாலு பத்துக்கு நான் திமிங்கலத்தை விட்டு விலகவில்லை. விலகுகிற பொத்தானை அழுத்தியது உண்மை. 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. அதுவரை யாரும் என்னிடம் அவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. 'பிறகு பார்க்கலாம்' என்று அழுத்திவிட்டு, அந்தச் சூட்டோடு உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன். நாலு மாதமும் உன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திமிங்கலத்தின் வயிற்றில்தான் சாய்ந்து கிடந்தேன். உன் பாட்டில் நான் கேட்டது அந்த அரைப் பாட்டு மட்டும்தான். நம் குடும்பத்தில் கொள்கையோடு பாட்டுக் கேட்டவர் அப்பா ஒருவர், அது கொள்கை என்றே அவருக்குத் தெரியாது.

இன்று மாலை நாலு பத்துக்கு நிஜமாகவே விலகிவிட்டேன். மவுஸ் சாட்சி போதாது என்று அப்பாவையும் பக்கத்தில் நிற்க வைத்தேன். 'நிச்சயமாகவா?' என்று அது திரும்பவும் கேட்டது. "என்னடா யோசனை, அழுத்து" என்றார். எனக்கென்று தனியாக ஒரு கணக்கும் தொடங்கினேன், இந்த முறை கார்டை எதற்கு என்று சொல்லியே வாங்கினேன்.

நம்பாவிட்டால் மாசக் கடைசிக் குறிப்பில் பார். நம் ஊர், நாலு பதினைந்து, 'இருபுறமும்', முழுசாக ஒரு தடவை.

இன்னும் ஒன்பது பாக்கி இருக்கிறது. அதுவரை ஹெட்போனைத் திருப்பிக் கேட்காதே.

உன் இரண்டாவது ரசிகன்